ஊர் குடித்த தேத்தண்ணி

சிங்களச் சித்திரைப் புத்தாண்டான அவுருது அன்று திவுல்பிட்டிவெவ ஊர் குடித்த தேத்தண்ணி முழுவதும் முதியான்சேயின் கால்களில் வந்து இறங்கியது. அவர் ஒரு மிடறும் குடித்திருக்கவில்லை. காலையில் சுபநேரத்தில் பால் பொங்கி வழிந்து, பாற்சோறு உண்டு முடித்து, ஊர் வீடு வீடாகப் போய் கவும், கொக்கிஸ் பலகாரங்களைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கத் தொடங்கியதும் அவருடைய கணுக்கால் பருத்தது. மதியத்துக்குள் வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. எந்த வீட்டுத் தேத்தண்ணி எங்கே நிற்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்தது. பால்மா கலந்தது ஆடுதசையில், இஞ்சி தட்டிப்போட்டது குதிகாலுக்கு மேலே. கடைக்கார பியதிலக வீட்டில் இந்த வருடம் சீனியைக் குறைத்துவிட்டார்கள் என்று நாற்காலியில் இருந்தபடியே சொன்னார். விசாரித்தால் அதுவும் சரியாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் சிறுநீரகம் கெட்டுப்போவது ஒரு சேதியே அல்ல. வயலில் வெயில் குடித்து, கிணற்றில் தண்ணீர் குடித்த ஆண்கள் நாற்பதைத் தாண்டியதும் ஒவ்வொருவராக மெலிந்து கறுத்துப் போவார்கள். கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து கிணற்று நீரைப் போத்தலில் அடைத்துக்கொண்டு போவார்கள். போத்தலும் திரும்பாது, பதிலும் வராது. முதியான்சேக்கு நகரத்து ஆஸ்பத்திரியில் வாரத்தில் இரண்டு தடவை இயந்திரம் வைத்து ரத்தம் கழுவினார்கள். தண்ணீரைப் பிள்ளைக்கு மருந்து ஊற்றுவதுபோல அளந்துதான் குடிக்க வேண்டும். உப்பு ஆகாது, வாழைப்பழம் ஆகாது, தேங்காய்ப்பால் ஆகாது. அவுருது மேசையில் அவருக்கு மிச்சம் இருந்தது மேசை விரிப்பு மட்டும்தான். வருகிறவர்களோ விடமாட்டார்கள். வேண்டாம் என்றால் முகம் சுருங்கும், வியாதி என்றால் "நல்ல நாளும் அதுவுமா அந்தப் பேச்சு எதுக்கு" என்பார்கள். சித்திரை வந்தால் வியாதிக்காரன் வியாதியோடு ஊரையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

தவறு நடந்தது அந்த அவுருது காலையில், கொடுக்கல் வாங்கல் நேரத்தில். அந்தச் சுபநேரத்தில் வெற்றிலைக் கட்டோடு ஒரு கை கொடுப்பதும் மறு கை வாங்குவதும் வெறும் சடங்கு அல்ல. அப்போது ஒத்துக்கொண்டது ஒத்துக்கொண்டதுதான். அக்கம்பக்கத்தார் வெற்றிலை நீட்டும்போது, பாவம் மனுசன் வாய் கட்டிக் கிடக்கிறானே என்ற இரக்கத்தில், "உன் பங்கையும் சேத்து நாங்களே குடிச்சுடுறோம், நீ மனசைப் போட்டு அலட்டிக்காதே" என்று சொன்னார்கள். ஒருவர் சொன்னதும் எல்லாரும் சொன்னார்கள். அவரும் வெற்றிலையை வாங்கிக்கொண்டு "சரி" என்றார். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் பெட்டி கட்டியிருந்த மகள் இரேஷாவும் அழுதுகொண்டே அதைத்தான் சொன்னாள். வேறு எந்த நேரத்தில் சொல்லியிருந்தாலும் காற்றோடு போயிருக்கும். அவுருது நாளின் தேத்தண்ணியைக் குடிப்பது அவர்கள், பங்கு அவருடையது என்று கணக்கு வருடா வருடத்துக்கும் அப்படியே நின்றுவிட்டது.

மாலையில் மூச்சு இரைத்தது. வேன்காரன் ஜயலத், வேலைக்குக் கிளம்பும் சுபநேரம் இன்னும் இரண்டு நாள் தள்ளித்தான், அதற்கு முன் வண்டி எடுத்தால் வருடம் முழுக்கப் பஞ்சர்தான் என்று தலையைச் சொறிந்தான். முதியான்சேயின் மனைவி குசுமலதா வேனுக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"உன் நேரம் வர்ற வரைக்கும் காத்திருக்கேன் தம்பி. ஆனா அப்ப ஏத்தப்போறது பொணம். அது உன் வண்டிக்கு நல்ல சகுனமான்னு யோசிச்சுக்க."

அவன் வண்டியை எடுத்தான். ஆஸ்பத்திரியில் தாதி, அவுருது என்றால் உங்களுக்கெல்லாம் நாக்கு அடங்காதா என்று ஏசினாள். குடிக்கவில்லை என்றால் நம்பவா போகிறாள்? அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். "இன்னொரு தடவை இப்படி வந்தீங்கன்னா நெஞ்சு தாங்காது மாமா" என்றாள். அதை அவள் கோபத்தில் சொல்லவில்லை.

விகாரையின் பெரிய பிக்கு விஷயத்தைக் கேட்டுவிட்டு, கொடுத்ததைத் திரும்ப வாங்கலாம், ஆனால் அடுத்த அவுருதுக்கு ஒவ்வொரு வீட்டிலும் முதியான்சே தன் பங்கைத் தன் வாயாலேயே குடிக்க வேண்டும் என்றார். அது சாவதற்கு இன்னொரு வழி. ஆகவே அடுத்த வருடம் அவுருது அன்று ஒரு நாள் மட்டும் யாரும் தேத்தண்ணி குடிப்பதில்லை என்று ஊர் கூடி முடிவு செய்தது. குவைத்தில் தனியாகக் கிடக்கும் மகள் பயந்துவிடும், அவளுக்கு மட்டும் கால் வீங்கிய காரணம் தெரியக் கூடாது என்று முதியான்சே எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்.

அப்படி ஒரு அவுருதை எங்கள் ஊர் கண்டதில்லை. கவும் தொண்டையில் அடைத்தது. விருந்துக்கு வந்தவர்கள் விக்கிக்கொண்டே கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஊஞ்சல் கட்டிய மரத்தடியில் பாட்டுக்குத் தொண்டை வரவில்லை. "ஒரு ஆளுக்காக ஊரே வறளணுமா? முடியாத மனுசன் எத்தனை வருசம் இப்படி இழுத்துக்கிட்டுக் கெடப்பாரு" என்று பக்கத்து வீட்டுப் பொடிமெனிக்கே வேலி ஓரம் நின்று, கேட்கட்டும் என்றே சொன்னாள். கேட்டது. முதியான்சே நாற்காலியில் மெலிந்த கால்களை நீட்டி, பிறருடைய நல்ல நாளைக் கெடுத்தவனாக உட்கார்ந்திருந்தார். அவமானம் வியாதியைவிடக் கனமாக இருந்தது.

பிற்பகலில் இடது பாதம் மட்டும் மெல்ல வீங்கியது.

குசுமலதாவுக்கு வெறி வந்துவிட்டது. வீடு வீடாக நுழைந்து கோப்பைகளை மோந்து பார்த்தாள், அடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். பொடிமெனிக்கே வாயைத் திறந்து நாக்கையே நீட்டிக் காட்டினாள். எல்லா நாக்கும் காய்ந்துதான் இருந்தது. அவள் திரும்பி வந்தபோது முதியான்சே அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"ஊர்ல யாரும் இல்லை. இது நம்ம பிள்ளை" என்றார். "சீனி இல்லை. ஆறிப்போனது. நின்னுக்கிட்டே குடிக்கிறா."

போன வருடம் ஊர்த் தேத்தண்ணி அத்தனைக்கும் நடுவில் அவளுடையது தெரியாமல் போயிருந்தது. இப்போது அது ஒன்றுதான். காலையில்தான் போனில் அவள், மேடம் ரொம்ப நல்லவங்க, சேர்ந்து பாற்சோறு ஆக்கினோம், ஒரே சிரிப்பு என்று சொல்லியிருந்தாள். குசுமலதா திரும்பவும் போன் போட்டாள். முதியான்சே அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"இன்னைக்கு என்ன சாப்பிட்டே மகளே?"

"சொன்னேனே அப்பா. பாற்சோறு."

"உண்மையைச் சொல்லு."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "ஒண்ணும் சாப்பிடலை அப்பா" என்றாள்.

அவர் சொல்லப்போவது தெரிந்து குசுமலதா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அவர் அவளைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்பா சொல்றேன், கேளு. இப்பப் போய்ச் சூடா ஒரு தேத்தண்ணி ஊத்து. சீனி போடு. ரெண்டு கரண்டி போடு. யாராவது கேட்டா இன்னைக்கு எங்க அவுருதுன்னு சொல்லு. உக்காந்து குடி. தரையிலயாவது உக்காந்து குடி."

போனை வைத்துவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். சற்று நேரத்தில் வலது பாதமும் வீங்கத் தொடங்கியது. "போட்டிருக்கா" என்றார் முதியான்சே. "ரெண்டு கரண்டி." குசுமலதா இரண்டு கால்களுக்கும் அடியில் தலையணை வைத்து, வீக்கம் கணுக்காலுக்கு ஏறும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.