முப்பத்து நாலாம் இலக்க வீட்டின் உட்புறம்

இல்ஃபோர்ட்டில் சிவரூபினியின் நான்காம் மாடி வீட்டு அலுமாரிக்குள், ஒரு மார்ச் மாதம், நாற்பது பேர் இருந்து சாப்பிடக்கூடிய மண்டபம் ஒன்று வந்து சேர்ந்தது. கூரையில் சுண்ணாம்பில் செய்த திராட்சைக் குலைகள், சுவரெல்லாம் ஓக் மரப் பலகை, யன்னலுக்கு வெளியே மான் மேயும் புல்வெளி. நோர்ஃபோக் பக்கம் எழுபது வருடங்களுக்கு முன் இடித்த ஒரு பிரபு மாளிகையின் சாப்பாட்டு அறை அது. வைத்துப் பார்க்க வசதியில்லாமல் வாரிசுகள் அந்தக் காலத்தில் எத்தனையோ மாளிகைகளை இடித்துத் தள்ளினார்கள். வீடு போன பிறகு அறைகள் பாவம், என்ன செய்யும்? எல்லோரையும் போல லண்டனுக்கு வந்துவிட்டன. சிவரூபினி புதுவீட்டுக்குச் செய்வதுபோல அதற்குள் பால் பொங்கவிட்டாள். கணவர் கமலநாதன், தன் கோட்டுகளை இனி எங்கே கொழுவுவது என்று மட்டும் கேட்டார்.

ஜூனில், அவர்கள் இருந்த கட்டடத்தையும் இடிக்கப்போவதாக அறிவித்தல் வந்தது. வேறிடத்தில் இதைவிட நல்ல வீடு தருவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் சந்தோஷமாகப் போனார்கள். சிவரூபினியால் முடியவில்லை. 2009இல், சண்டையின் கடைசி நாட்களில், தம்பி சயந்தன் வன்னியிலிருந்து எடுத்த தொலைபேசியில் அவள் சொல்லிக்கொடுத்தது இந்த விலாசத்தைத்தான். அவன் வீட்டு இலக்கத்தை இரண்டு தரம் திருப்பிச் சொன்னான். அதன்பின் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வந்தால் இங்கேதான் வருவான். கதவே இல்லாவிட்டால் எதைத் தட்டுவான்? இதைச் சொல்லி அவள் அலுவலகம் அலுவலகமாக அழுதாள். கேட்டவர்கள் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் மண்டபத்துக்குள் போய் விழுந்து கும்பிட்டாள்.

"உனக்கு வீடு போய் எத்தினை வருசம்! நீ இன்னும் இருக்கிறாய்தானே. எப்பிடியெண்டு எனக்கும் சொல்லித் தா."

வெளியே நின்ற கமலநாதனுக்கும் இது கேட்டது.

இடிக்கிற நாள் அவர் சாமான்களோடு கீழே நின்றார். "நீங்கள் போங்கோ, நான் வாறன்" என்றவள் கதவைப் பூட்டிக்கொண்டாள். அவர் கத்திய கத்தலில் வேலையாட்கள் மேலே ஓடிக் கதவை உடைத்தார்கள். உள்ளே அவளும் இல்லை, வீடும் இல்லை. சோபா, சாமிப்படம், குசினி, சுவர்த்தாள் எல்லாம் போய் வெறும் கொங்கிரீட் நின்றது. வீடில்லாமல் இருக்கத்தான் அந்த அறைகளுக்குத் தெரியும், ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. அதை அவள் யோசிக்கவில்லை. கமலநாதன் கதவிலிருந்த பித்தளை இலக்கத்தைக் கழற்றிக்கொண்டு இறங்கினார்.

அடுத்த மாதம், லண்டனின் மறுபக்கம் கிங்ஸ்பரியில், அவர்களுக்குத் தெரிந்த நிர்மலா போர்வை எடுக்க அலுமாரியைத் திறந்தபோது உள்ளே சிவரூபினி தன் வீட்டுச் சோபாவில் இருந்தாள்.

"தம்பி இந்தப் பக்கம் வந்தவனோ?"

"இல்லை அக்கா."

நிர்மலா ஒரு போத்தல் பால் கொடுத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு டூட்டிங்கில் இரண்டு வீடுகளில் கண்டார்கள். இப்போது யாரும் திடுக்கிடுவதில்லை. கண்டவுடன் கமலநாதனுக்குப் போன் எடுக்கிறார்கள். அவர் ரயில் மாறி ஓடி வருவதற்குள் அலுமாரியில் போர்வைகள்தான் இருக்கின்றன. கனடாவிலிருக்கும் தமையன், தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஏலாது அண்ணை. அவ வந்தா எங்கை தட்டுவா?"

பித்தளை இலக்கம் இப்போது அவருடைய புது வீட்டு அலுமாரிக் கதவில் இருக்கிறது. காலையில் வேலைக்குப் போகக் கோட்டு எடுக்கும்போது, ஒருதரம் தட்டிவிட்டுத்தான் திறக்கிறார்.