கன்னத்துச் சைகை

பட்டறையில் அவரைக் கல்லுளி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லுளிமங்கன் என்று முழுசாகச் சொல்ல அங்கே யாருக்கு நேரம்? அடித்துக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. அப்படிப்பட்ட வாயிலிருந்து அன்று காலை, கொப்பளித்த தண்ணீரோடும் ரத்தத்தோடும் ஒரு பல் துண்டு வந்து விழுந்தது.

"தூக்கத்துல மிஷின் மாதிரி அரைச்சா வேற என்ன விழும்?" என்றாள் மனைவி. அந்தச் சத்தம் தாங்காமல் அவள் அடுத்த அறைக்குப் படுக்கையை மாற்றி ஆறு மாதம் ஆகிறது.

பல் டாக்டரம்மா அவருடைய இரண்டு கன்னத்திலும் விரலை வைத்து, "கடிங்க" என்றாள். தசை எலுமிச்சம்பழம் போலத் திரண்டது. "சரி, விடுங்க."

"விட்டுட்டேனே."

"விடல. இப்பவும் கடிச்சுக்கிட்டுத்தான் இருக்கீங்க, உங்களுக்கே தெரியல. சாப்பிடுற நேரம் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. உதடு மூடியிருக்கட்டும், உள்ள பல்லு பிரிஞ்சிருக்கட்டும். தூங்கும்போது மாட்டிக்க ஒரு உறை செஞ்சு தர்றேன். ஆனா அது பல்லைத்தான் காப்பாத்தும். உங்கள கடிக்க வைக்கிறது எதுவோ, அதை நீங்கதான் பாக்கணும். யார் மேல கோபம்?"

"யார் மேலயும் இல்ல" என்றார். பச்சைப் பொய்.

கோபம் தம்பி மேல். ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்து அண்ணனும் தம்பியும் குடியிருந்தார்கள். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி தன் பெண்டாட்டியை அடிப்பது இந்தப் பக்கம் ஒவ்வொரு அடியாகக் கேட்கும். ஒருமுறை போய்க் கதவைத் தட்டினார். "என் பெண்டாட்டி, நான் அடிப்பேன். உங்களுக்கு என்ன வந்தது?" என்றான் தம்பி. பேசாமல் திரும்பி வந்துவிட்டார். கோழைத்தனத்துக்குப் பெரிய மனுஷத்தனம் என்று பெயர் வைத்துக்கொள்வதில் இந்த மாதிரிக் குடும்பங்களை மிஞ்ச ஆளே கிடையாது. அன்று இறுகிய தாடைதான் இரண்டு வருடமாக இறுகிக்கொண்டே போகிறது.

இதில் கொடுமை, மூன்று பேருக்கும் ஒரே இயந்திரச் சம்மட்டியில் வேலை. உலையில் பழுத்த இரும்பை இடுக்கியால் அச்சில் பிடித்துக்கொள்வது கல்லுளி. ஒவ்வொரு அடிக்கும் நடுவே கையை உள்ளே விட்டு, கம்பி பிரஷால் இரும்பின் மேல் படியும் பொருக்கைத் தட்டி எடுப்பது தம்பி. பெடலை மிதிப்பது தம்பி பெண்டாட்டி. தீப்பொறி படாமலிருக்க அவள் முன்னால் ஒரு தகரத் தடுப்பு உண்டு. அதற்கு மேலே அவளுக்குத் தெரிவதெல்லாம் கல்லுளியின் முகம் மட்டும். காதில் பஞ்சு, அவர் இரண்டு கையும் இடுக்கியில், அதிர்வில் தலையோ சும்மாவே ஆடும். அதனால் சைகை கன்னத்தில். அவர் பல்லைக் கடித்தால் கன்னம் துடிக்கும், அவள் மிதிப்பாள், இரண்டு டன் இறங்கும்.

டாக்டரம்மாவிடம் இதைச் சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. தான் கடிக்க நினைத்தால்தான் கடிக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்த மனுஷர். ஆனாலும் மறுநாள், "வேற சைகை வச்சுக்கலாமா?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார். "உங்க பல்லுக்காகப் பட்டறையே மாறணுமா?" என்று தம்பி சிரித்தான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான்காம் நாள் முற்பகல். தம்பி பொருக்கைத் தட்டிக்கொண்டிருந்தான். கல்லுளி நிமிர்ந்து தடுப்புக்கு மேலே பார்த்தார். அவள் வியர்வையைத் துடைக்கக் கழுத்துத் துணியை இறக்கியிருந்தாள். கழுத்தில் ஐந்து விரலும் கருநீலமாகப் பதிந்திருந்தன.

கழுத்தை நெரித்திருக்கிறான். இவளைக் கொன்றுவிடுவான்.

பல் தானாகக் கடித்துக்கொண்டது. விட முடியவில்லை. அவள் அவர் கன்னத்தைப் பார்த்தாள். சம்மட்டி இறங்கியது.

பஞ்சைத் துளைத்துக்கொண்டு அலறல் வந்தது. சம்மட்டி மேலே போனபோது தம்பியின் வலது கை மணிக்கட்டுக்குக் கீழே கையாக இல்லை. சதையும் பிரஷின் கம்பியும் பழுத்த இரும்போடு ஒட்டிப் பொசுங்கின. அவன் தரையில் விழுந்து புரண்டபடி, "வேணும்னே மிதிச்சுட்டா! பிடிங்கடா அவளை!" என்று கத்தினான்.

உலைக்காரன் ஓடிவந்து அவள் முடியைப் பிடித்துத் தகரத்தில் மோதினான். நெற்றி கிழிந்தது. இரண்டாம் முறை மோதுவதற்குள் கல்லுளியின் இடுக்கி அவன் முழங்கையில் இறங்கி எலும்பை ஒடித்தது.

"அவ மேல கை வச்சா மண்டைய பொளந்துடுவேன்!" பட்டறையில் யாரும் கேட்டிராத குரல் அது. "சைகை குடுத்தது நான். அவ வேலையத்தான் செஞ்சா. இவன் தினமும் அவளை அடிக்கிறான். ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்தேன். நானெல்லாம் ஒரு மனுஷன்!" சொல்லிவிட்டு அவர் அழுதார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், நெற்றியில் ஏழு தையலோடு அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உள்ளே தம்பியின் கையை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மன்னிச்சுடும்மா. என் தப்புக்கு நீ அடி வாங்கிட்ட" என்றார்.

"மாமா, அது சைகை இல்ல."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"மிதிக்கச் சொல்றப்ப உங்க கன்னம் ஒருதரம் துடிச்சு அடங்கிடும். கோபம்னா அப்படியே நிக்கும். மூணு வருஷமா உங்க கன்னத்தைத்தானே பாக்கிறேன், எனக்குத் தெரியாதா?" குரல் நடுங்கவே இல்லை. "பிரஷ் தேய்க்கிறது பெடல் வழியா உள்ளங்காலுக்குத் தெரியும். கை உள்ள இருந்ததும் தெரியும்."

அவர் அவள் கழுத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

போலீஸ்காரர் வந்து, எழுதியதை வாசித்துக் காட்டினார். சைகை கொடுத்தது அண்ணன், அந்தப் பெண் மீது தவறில்லை என்று இருந்தது.

"இப்படித்தானே நடந்துச்சு?"

"இப்படித்தான்" என்று சொல்லிக் கல்லுளி கையெழுத்துப் போட்டார்.