ஒரு ஃப்யூஸ் மிச்சம்

சாயங்காலம் நாலு மணிக்கு என் வேலைப் பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். ஸ்பேனர், டெஸ்டர், டேப் உருளை எல்லாம் விழுந்த பிறகு, பையின் கிழிந்த உள்துணிக்குள்ளிருந்து ஒரு ஃப்யூஸ் உருண்டு வந்தது. சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே மயிரிழை போல ஒரு கம்பி. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்துக் குடியிருப்பில் முப்பத்தெட்டு வீட்டுக்குச் சூரிய விளக்கு மாட்ட, முப்பத்தெட்டு ஃப்யூஸ்தான் ஆபீஸில் எண்ணிக் கொடுத்தார்கள். கூட நாலு வேண்டும் என்று கேட்டதற்கு, "ஒழுங்கா வேலை செஞ்சா எதுக்கு உபரி?" என்று கேட்டார் மேலாளர். மகராசன், அவர் ஒரு நாளாவது தகரக் கூரை மேல் ஏறியிருக்கிறாரா? கூரையில் சூரியத் தகடு, சுவரில் பேட்டரிப் பெட்டி, உத்தரத்தில் விளக்கு. மூன்றையும் இணைக்கிற நொடியில் சின்னதாக ஒரு பொறி தட்டும். பாதி நேரம் ஃப்யூஸ் அங்கேயே போய்விடும். அதனால் எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு காரியம் செய்வோம். ஃப்யூஸ் போகவேண்டிய இடத்தில் முதலில் ஒரு துண்டுக் கம்பியைச் செருகி, விளக்கு எரிகிறதா என்று பார்ப்போம். எரிந்தால் கம்பியை எடுத்துவிட்டு ஃப்யூஸைப் போட்டு மூடுவோம். செய்யக்கூடாத வேலைதான். ஆனால் செய்யாதவர் யாரும் இல்லை.

அப்படி என்னிடம் இரண்டு கம்பிகள் இருந்தன. ஹேர்பின் மாதிரி வளைத்து ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருப்பேன். டப்பாவைத் திறந்தேன். ஒன்றுதான் இருந்தது.

சமையல் மேடையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் நாத்தனார் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"ஒரு ஃப்யூஸ் மிச்சம்."

"மிச்சம்னா நல்லதுதானே? குறைஞ்சாத்தானே கவலைப்படணும்?"

"யார் வீட்லயோ கம்பிய எடுக்காம அப்படியே மூடிட்டு வந்துட்டேன்டி."

அவளுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். எங்காவது ஒயர் தவறி ஒட்டிக்கொண்டாலோ, யாராவது பெரிய சாமானாக மாட்டினாலோ, ஃப்யூஸ் தான் உருகி விளக்கை அணைத்துவிடும், அதோடு சரி. கம்பி அப்படி விடாது. மின்சாரம் பாயப் பாயச் சூடாகிக்கொண்டே போகும். பெட்டி பிளாஸ்டிக். சுவர் பலகை. பலகை இடுக்கில் குளிருக்கு அடைத்திருப்பது பழைய அட்டையும் துணியும்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கை தானாகக் கழுத்துக்குப் போனது. இடது காதுக்குக் கீழிருந்து தோள் வரை அவளுக்குத் தழும்பு. மண்ணெண்ணெய் விளக்கு சாய்ந்து பிடித்துக்கொண்ட தீ. நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டதே அதற்குப் பிறகுதான். அந்தக் குடியிருப்பில் வீடு வீடாகப் போய், "இது தீப்பிடிக்காது, என்னை நம்புங்க" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லித்தான் முப்பத்தெட்டு பேரையும் மண்ணெண்ணெய் விளக்கை விடவைத்தேன். பக்கத்தில் இவளையும் நிறுத்திக்கொண்டேன். அவளுடைய தழும்புதான் எனக்குப் பாதி வேலையைச் செய்து கொடுத்தது.

"எந்த வீடு?" என்றாள்.

"அது தெரிஞ்சா ஏன் உக்காந்திருக்கேன்?"

கொஞ்சம் யோசித்ததில் ஒன்று தெளிவானது. வேலை நடந்த மூன்று நாளில் முதல் இரண்டு நாளும் வீட்டுக்கு வந்து டப்பாவை எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. மூன்றாம் நாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கீழ் வரிசையில் பதினாலு வீடு. அடித்துப் பிடித்து முடித்து, தொப்பலாக நனைந்து வந்து, பையை மூலையில் எறிந்தவள்தான். ஆக, அந்தப் பதினாலில் ஒன்று. அதுவும் நடந்து ஐந்து நாளாகிவிட்டது.

"அஞ்சு நாளா ஒண்ணும் ஆகலையே," என்றாள் நாத்தனார்.

"இன்னிக்கு ஆகாதுன்னு யார் சொன்னா?"

இருவரும் கிளம்பினோம். குடியிருப்புக்கு நடந்தால் இருபது நிமிடம். வழி முழுக்க நான் வானத்தையே பார்த்துக்கொண்டு போனேன். ஆறரைக்கு இருட்டும். இருட்டினால் பதினாலு வீட்டிலும் சுவிட்சைப் போடுவார்கள்.

போய்ச் சேர்ந்தால் வரிசை முழுக்கப் பூட்டு. பாதிப் பேர் கல் உடைக்கிற இடத்தில், பாதிப் பேர் துணி ஆலையில். எல்லோரும் திரும்ப ஆறு மணியாகும். மூன்று வீடுதான் திறந்திருந்தது. என்ன சொல்லி உள்ளே போவது என்று நாத்தனார் கேட்டாள்.

"சர்வீஸ்னு சொல்லுவோம்."

"பொய்யா?"

"பாதி உண்மை."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எனக்குக் கோபம் வந்தது. உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இன்று ராத்திரியே பெட்டிகளைப் பிடுங்கி என் வாசலில் போட்டுவிட்டு, பரணில் தூக்கிப்போட்ட மண்ணெண்ணெய் விளக்கைத் தேடுவார்கள். அவ்வளவு நாள் நடையாய் நடந்ததெல்லாம் வீண். சத்தமில்லாமல் கம்பியைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு பெட்டிக்கு நாலு திருகாணி. கழற்ற, பார்க்க, மூட ஐந்து நிமிடம். முதல் மூன்று வீட்டிலும் ஃப்யூஸ் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்தோம். எங்கிருந்தோ புகை வாசனை வந்தது. எழுந்து ஓடிப் பார்த்தேன். யாரோ குப்பை எரித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தேன். நாத்தனார் என் முழங்கால் மேல் கையை வைத்து அழுத்தினாள்.

ஐந்தே முக்காலுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கல் உடைக்கிறவர் ஒருவர் பூட்டைத் திறந்தபடியே சிரித்தார்.

"மாட்டி அஞ்சு நாள்தான் ஆகுது, அதுக்குள்ள சர்வீஸா லைட்டக்கா? எனக்குக் கல்யாணம் ஆனப்பகூட இவ்ளோ சீக்கிரம் யாரும் வந்து விசாரிக்கல."

சிரித்து வைத்தேன். அவர் பேச்சு முடிவதற்குள் முதல் திருகாணியைக் கழற்றியிருந்தேன். அவர் வீட்டிலும் கம்பி இல்லை. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஆறு இருபதுக்கு ஒன்பது வீடு முடிந்திருந்தது. இன்னும் ஐந்து. ஐந்தைந்து இருபத்தைந்து நிமிடம். வெளியே வந்து பார்த்தால் எதிர் வீட்டுச் சுவரின் நிறமே தெரியவில்லை.

மேல் வரிசையில் முதல் விளக்கு எரிந்தது. இன்னொன்று. அந்த வெளிச்சத்தைப் பார்ப்பதற்காகவே நான் சில சாயங்காலங்கள் அந்தப் பக்கம் நடந்து போவதுண்டு. இப்போது ஒவ்வொன்றாக எரிய எரிய, கீழ் வரிசையில் மிச்சமிருந்த கதவுகளை எண்ணினேன்.

"அண்ணி," என்றாள் நாத்தனார். குரல் தாழ்ந்திருந்தது. "என் கழுத்தக் காட்டித்தானே எல்லார்கிட்டயும் பேசினீங்க? இப்ப நீங்க சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?"

எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்ய நேரமில்லை. வரிசையின் முனையில் பொதுக் குழாய். ஏழெட்டுப் பேர் குடத்தோடு நின்றிருந்தார்கள். ஓடிப்போய் நடுவில் நின்று கத்தினேன்.

"கீழ் வரிசையில யாரும் லைட்டப் போடாதீங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். சொன்னேன். கம்பியைச் சொன்னேன், மழையைச் சொன்னேன், சர்வீஸ் என்று பொய் சொன்னதையும் சொன்னேன். குடம் நிரம்பி வழிந்தது, யாரும் குழாயை மூடவில்லை.

துணி ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண் முன்னால் வந்தாள். என்னை எப்போதும் 'வாங்க, போங்க' என்று பேசுகிறவள்.

"தீப்பிடிக்காதுன்னு எங்க வாசல்ல நின்னு நெஞ்சத் தட்டிச் சொன்னியே! சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"என் ரெண்டு புள்ளைங்களும் அந்தப் பொட்டிக்குக் கீழதான் படுக்குது!"

"தப்பு என்னுதுதான். திட்டுறத அப்புறம் திட்டுங்க. இப்ப கதவத் திறந்து விடுங்க, பாத்துடுறேன்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். ஆனால் கதவைத் திறந்தாள். நாத்தனார் டார்ச் பிடிக்க, நான் திருகாணியைக் கழற்ற, பின்னால் பத்துப் பேர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. ஃப்யூஸ் இருந்தது. அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வீடு, இருந்தது. அடுத்ததும் இருந்தது. அதற்கடுத்ததும். கூட்டம் எங்களோடு இருட்டில் நகர்ந்து வந்தது.

மிச்சம் கடைசி வீடு. தையல்காரி அக்காவுடையது. கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரே அறை, ஒரு மிஷின். எனக்கு முதலில் சம்மதம் சொன்னவரே அவர்தான். நாங்கள் வந்தபோது துணி வாங்கப் போயிருந்தவர் எப்போது திரும்பினார் என்று நான் பார்க்கவில்லை, அவர் குழாயடிக்கும் வந்திருக்கவில்லை. நான் கத்தியது அவர் காதில் விழவே இல்லை. கதவு சாத்தியிருந்தது. கதவிடுக்கில் வெளிச்சம்.

அந்த வெளிச்சம் என் விளக்குடையது இல்லை. என் விளக்கு அவ்வளவு பிரகாசமாக எரியாது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். முதலில் மூக்கில் ஏறியது உருகின பிளாஸ்டிக் நாற்றம். மிஷினுக்கு மேலே, லாரியின் முன்பக்க விளக்கு ஒன்று கயிற்றில் தொங்கி எரிந்துகொண்டிருந்தது. அதன் ஒயர் நேராக என் பெட்டிக்குப் போனது. அதற்குக் கீழே அக்கா கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைத்துக்கொண்டிருந்தார். பெட்டியின் மேல் ஒரு துணி நாலாக மடித்துப் போடப்பட்டிருந்தது. ஈரத்துணி. மிதிகட்டைக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் குவளையும்.

பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். இருட்டானது. துணியைத் தொட்டேன். ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் கை வைக்க முடியாத சூடு.

"அக்கா, என்ன இது?"

அவர் மிஷினிலிருந்து எழுந்தார். டார்ச் வெளிச்சத்தில் முகம் வெளுத்திருந்தது. திருடும்போது பிடிபட்டவரைப் போல நின்றார்.

"கறுப்புத் துணி கண்ணுக்குத் தெரியல," என்றார் கடைசியில். "லாரி ஒர்க்ஷாப்புல தம்பி வேலை பாக்குறான். அவன்தான் இத மாட்டிக் குடுத்தான். ஒரு மணி நேரம் எரியுது. மேல் வரிசையில ஒரு வீட்ல ஃபேன மாட்டிப் பாத்தாங்க, உடனே அணைஞ்சு போச்சாம். என்னுது அணையல. எனக்கு நல்ல பொட்டி வந்திருக்குன்னு நெனச்சேன்."

நல்ல பெட்டிதான். என் கம்பி உள்ளே இருந்ததே, எப்படி அணையும்?

"சூடாகுறது தெரியுமா?"

"மூணு நாளாத் தெரியும்."

"நாத்தம்?"

"அதுவும்தான்."

"மூணு நாளா ஈரத்துணி போட்டுக்கிட்டுத் தைக்கிறீங்களா? தீப்பிடிச்சிருந்தா என்னக்கா ஆகியிருக்கும்? ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

கத்திவிட்டேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"சொன்னா நீங்க கழட்டிட்டுப் போயிடுவீங்களே," என்றார் அக்கா.

சாயங்காலத்திலிருந்து நான் வாயைத் திறக்காததும் இதே பயத்தினால்தான். கழற்றிவிடுவார்கள் என்று நான் பயந்தேன், கழற்றிவிடுவேன் என்று அவர் பயந்திருக்கிறார். நடுவில் அந்தப் பெட்டி வெந்துகொண்டிருந்தது.

ஸ்க்ரூ டிரைவரோடு பெட்டியிடம் போனேன். அவர் குறுக்கே வந்து நின்றார். இரண்டு கையையும் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டார். சூடு சுட்டிருக்கும், எடுக்கவில்லை.

"கழட்ட மாட்டேன் அக்கா. உள்ள இருக்கிற கம்பிய மாத்தணும், அவ்வளவுதான். லைட் உங்களுக்குத்தான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். தீப்பிடிக்காது என்று நான் சொன்னதை ஒரே நாளில் நம்பியவர் அவர். இதை மட்டும் அவரால் நம்ப முடியவில்லை. நாத்தனார் டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய், அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

உள்ளே என் கம்பி கறுத்துப்போயிருந்தது. சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகி, பெட்டியின் முதுகு பலகையோடு ஒட்டியிருந்தது. பலகையில் உள்ளங்கை அளவுக்குக் கருகல். கம்பியைச் சுரண்டி எடுத்தேன், லாரி விளக்கின் ஒயரை வெட்டினேன், ஃப்யூஸைப் போட்டேன். கறுப்புத் துணிக்கு வேறு வழி நான் பார்த்துத் தருகிறேன் என்று சொன்னேன். எப்படி என்று எனக்கு அப்போது தெரியாது. சுவிட்சைப் போட்டதும் உத்தரத்தில் என் சின்ன விளக்கு எரிந்தது.

அந்த வெளிச்சத்தில்தான் வாசலைப் பார்த்தேன். மொத்தக் கூட்டமும் அங்கே நின்றிருந்தது. திட்டப்போகிறார்கள் என்று தயாராக நின்றேன். யாரும் திட்டவில்லை. எல்லோரும் அந்தக் கருகலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன்னால் நின்ற கல் உடைக்கிறவர் தொண்டையைச் செருமினார். சாயங்காலம் கேலி பேசிய மனிதர் இப்போது என் கண்ணைப் பார்க்கவில்லை.

"கழட்ட மாட்டேன்னு சொன்னீங்களே லைட்டக்கா, அது இவங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்," என்றேன். "ஏன், உங்க வீட்ல என்ன?"

"கூரைக்கு உள்பக்கம் ஒயர எலி கடிச்சிருச்சு. துணி சுத்தி வெச்சிருக்கேன்."

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு கை தயங்கித் தயங்கி உயர்ந்தது. பிறகு மேல் வரிசைக்காரர்கள் நின்ற பக்கத்தில் இன்னொன்று. பிறகு மூன்று சேர்ந்து.