சபை கட்டிய அறை

டவுன் சபை தன் எட்டு வாடகை வீடுகளையும் குடியிருக்கிறவர்களுக்கே விற்கப் போகிறது என்று கேள்விப்பட்ட அன்று, அடுப்பில் சோறு பொங்கி வழிந்ததைக்கூட மீனம்மா பார்க்கவில்லை. பார்ப்பாளா? தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசைக் காம்பிராவில் பிறந்தவள். அங்கே வேலை இருக்கிறவரைதான் கூரை. அவள் அப்பனுக்குப் பத்துச்சீட்டு கொடுத்துத் துரை வேலையை நிறுத்திய வாரமே குடும்பம் நடுரோட்டில் நின்றது. சொந்த வீடு என்ற வார்த்தை அவள் வம்சத்தில் யார் வாயிலும் வந்ததில்லை. இப்போது வந்தது. புருஷன் அழகுமுத்துவுக்குப் போன வருஷம் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அது இல்லாதவன் இந்தப் பேச்சையே எடுக்க முடியாது. ஆனால் சபை சொல்லும் விலையைக் கொடுக்காவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும், இருப்பவர்கள் வெளியேற வேண்டும்.

விலை போட இன்ஸ்பெக்டர் வீடு வீடாக வருவார் என்றார்கள். மீனம்மா முந்தானையை இழுத்துச் சொருகினாள். துரை லயம் பார்க்க வருகிறார் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அழுக்காக இருந்தால் கங்காணி வாயில் வராத வசவு கிடையாது. சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்தாள். வாசலுக்குச் சாணி தெளித்தாள். பேக்கரி வேலை முடிந்து களைத்து வந்த அழகுமுத்துவையும் விடவில்லை. தகரத்து ஓட்டைகளுக்குத் தார் பூசக் கூரையில் ஏற்றிவிட்டாள்.

அடுத்த வீட்டு இராயப்பன் ரயில்வேக்காரன், விவரமான ஆள். கூரையில் இரண்டு தகரத்தைத் தளர்த்திவிட்டு, நடுவீட்டில் ஒரு வாளியை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். மலைநாட்டு மழை அவனைக் கைவிடவில்லை. இன்ஸ்பெக்டரின் தொப்பி நனைந்தது.

மீனம்மா வீட்டிலோ அவர் இஞ்சி போட்ட பிளேன்டீ குடித்தார். பின்னறையை எட்டிப் பார்த்து, "ஹொந்தாய், ஹொந்தாய்" என்று சிங்களத்தில் மெச்சினார். மீனம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

விலை வந்தது. இராயப்பன் வீட்டைப்போல இரண்டு மடங்கு.

"என்னக்கா, தோட்டத்துத் தொரை வர்றாருன்னு நெனச்சுக்கிட்டீங்களா?" என்று சிரித்தான் இராயப்பன். சிரித்த பிறகு அவனுக்கே பாவமாகப் போய்விட்டது. "அந்தப் பின் ரூமு நீங்க கட்டுனதுதானே? சபையில போயி சொல்லுங்க, கொறைப்பாங்க."

புருஷனும் பெண்டாட்டியுமாகச் சபைக்குப் போனார்கள். சபைக் கிளாக்கர் முத்துலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், சட்டம் தெரிந்தவர்.

"அந்த ரூமு நாங்களே கட்டுனதுங்கய்யா. ஆத்துலேருந்து கல்லு சொமந்து, நானும் சம்சாரமுமா கட்டுனோம்," என்றான் அழகுமுத்து.

"ஆரைக் கேட்டுக் கட்டினனீங்கள்?"

"யாரையும் கேக்கலீங்க."

"அப்ப வாடகை ஒப்பந்தத்தை மீறியிருக்கிறியள். அப்பிடியான ஆக்களுக்குச் சபை வீடு விக்காது."

"அப்படின்னா இடிச்சிர்றோம்ங்க."

"சபையின்ர சொத்தை இடிச்சால் பொலிஸ்தான்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை. கட்டினாலும் குற்றம், இடித்தாலும் குற்றம். அழகுமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்தது. இவன் வாயைத் திறந்தால் வீடு போய்விடும் என்று மீனம்மா பயந்தாள். நகையை விற்று, கடன் வாங்கியாவது அந்த இரட்டை விலையைக் கொடுத்துத் தொலைத்துவிடலாம். முன்னால் வந்து நின்றாள்.

"இவரு தெரியாம ஒளர்றாருங்கய்யா. அந்த ரூமை நாங்க கட்டல. சபைதான் கட்டுச்சு."

சொல்லும்போது நாக்குக் கூசியது. கர்ப்பிணியாக இருந்துகொண்டு மண் குழைத்தவள் அவள். வீடு கிடைத்தால் போதும், இந்தப் பொய்யையும் விழுங்கிக்கொள்ளலாம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

முத்துலிங்கம் திருப்தியாகத் தலையாட்டினார்.

"சரி, சபையே கட்டினதெண்டு வைப்பம். அப்ப அந்த அறைக்கு இவ்வளவு காலமும் நீங்கள் வாடகை கட்டேல்லை. நிலுவையைக் கட்டினால்தான் வீட்டுக் கதை."

வீட்டு விலைக்கே மூக்குத்திவரை விற்கக் கணக்குப் பண்ணியாகிவிட்டது. நிலுவைக்கு எங்கே போவாள்? மீனம்மா மேசைமேலிருந்த காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"எழுதிக்கிங்கய்யா! அந்த ரூமுலதான் என் கடைசிப் புள்ள பொறந்தான். அவனையும் சபைதான் பெத்துச்சுன்னு சேத்து எழுதிக்கிங்க!"

ஆபீசில் யாரோ சிரித்தார்கள். முத்துலிங்கம் பேனாவை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீடு ஏலத்தில் போனது. ஏற்கெனவே மூன்று வீடு வைத்திருந்த கடைக்காரர் ஒருவர் எடுத்தார். பின்னறையில் அவர் விறகு அடுக்கி வைத்திருக்கிறார்.