சனிக்கிழமை ஆட்டம்

நவம்பர் பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை மாலை, ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடி வீட்டில், முந்தைய நாள் நடந்து முடிந்த டென்னிஸ் ஆட்டம் ஒன்றைப் பார்க்க இரண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள்.

வீடு அண்ணியுடையது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். வந்திருந்தவள் அவளுடைய நாத்தனார். பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை என்பதால் அவளை அண்ணி கூப்பிடுவது பல்லு என்று. அண்ணனுக்கும் அண்ணிக்கும் விவாகரத்தாகி இரண்டு வருடம் ஆகிறது. பல்லுவுக்கு மட்டும் சனிக்கிழமைகள் விவாகரத்தாகவில்லை.

ஜனவரியில் கடினத் தரை, ஏப்ரலில் செம்மண், ஜூனில் புல் என்று வருடம் முழுக்க இருவரும் ஒரே வீராங்கனையின் பின்னால் போனார்கள். தரவரிசையில் எண்பதுக்கும் நூறுக்கும் நடுவே ஊசலாடும், முழங்காலில் எப்போதும் கட்டுப் போட்ட பெண். இவர்களுக்கு அவள் முட்டிக்காரி. ஆட்டத்தை அண்ணி பதிவு செய்து வைப்பாள். சனிக்கிழமை வரை இருவருமே ஸ்கோர் பார்க்கக் கூடாது. நெருக்கடியான நேரத்தில் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவும் கூடாது. அசைந்தால் முட்டிக்காரி தோற்றுவிடுவாள்.

அன்று இரண்டாவது செட்டில் எதிராளிக்கு மேட்ச் பாயிண்ட். அண்ணி கால் மரத்துப்போய் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பல்லு எழுந்து டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள்.

அண்ணி ரிமோட்டை அமுக்கினாள். பந்து அந்தரத்தில் நின்றது.

"ஸ்கோர் தெரிஞ்சுட்டுதான் வந்திருக்க."

"இல்ல அண்ணி, சும்மா..."

"மேட்ச் பாயிண்ட்ல டம்ளர் கழுவுற மூஞ்சியா இது? போன மாசம் பாத்ரூம் போகாம ஒரு செட் முழுக்க நெளிஞ்சவ நீ. உன் ஹாஸ்டல்ல அந்தச் சேனலும் வராது. எங்க பார்த்த?"

பல்லு குழாயைத் திறந்தாள். ஸ்கோரைச் சொன்னால் அதைப் பார்த்த வீட்டைச் சொல்ல வேண்டும்; வீட்டைச் சொன்னால் அங்கே கேட்டதையும் சொல்ல வேண்டும். அதன்பிறகு இந்த சோபாவில் தனக்கு இடம் இருக்குமா என்பதுதான் நேற்று இரவிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது.

"அண்ணன் வீட்ல. கூப்பிட்டிருந்தான். எனக்குப் பிடிக்குமேன்னு டிவியப் போட்டான்."

"என்ன விசேஷம்?"

"ஜனவரியில அண்ணனுக்குக் கல்யாணம் அண்ணி."

அண்ணி ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொண்ணு டென்னிஸ் பார்க்குமா?"

"ரிமோட் அவங்க கையிலதான் இருந்துச்சு. நடுநடுவே சமையல் நிகழ்ச்சிக்குப் போயிட்டு வந்தாங்க."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள். "இனிமே அவங்கதானே உனக்கு அண்ணி."

"ஒரே அண்ணி நீங்கதான்னு வசனம் பேச வரல. சனிக்கிழமை நான் வரலாமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க."

"கல்யாணத்துக்குப் போவியா?"

"போவேன். அண்ணனாச்சே."

"போகணும். போகலேன்னா நான்தான் தடுத்தேன்னு உங்கம்மா ஊரெல்லாம் சொல்லுவாங்க." அண்ணி காலை நீட்டி நீவினாள். "ஜெயிச்சாளா, தோத்தாளா? சொல்லித் தொலை. நீ ஜாலியா டம்ளர் கழுவுவ, எனக்கு மட்டும் நெஞ்சு படபடக்கணுமா?"

"ஜெயிச்சுட்டா."

அண்ணி ஆட்டத்தைத் தொடரவிட்டாள். முடிவு தெரிந்த மூன்றாவது செட்டை இருவரும் பார்த்தார்கள். கிளம்பும்போது அண்ணி கதவுவரை வந்தாள். வரலாமா என்று மறுபடி கேட்காமலே பல்லு படியிறங்கினாள்.

திருமணம் ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை நடந்தது. பல்லு அங்கே போனாள். புதிய சீசனின் முதல் பெரிய போட்டியில் முட்டிக்காரி முதல் சுற்றிலேயே தோற்றாள். அந்த ஆட்டத்தை அண்ணியும் பல்லுவும் ஜனவரி நான்காவது சனிக்கிழமை, அதே சோபாவில் பார்த்தார்கள்.