முன் சக்கரத்துப் பூட்டு

வண்டியின் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"சூடா இருக்கா?" என்று வண்டிக்கு அடியிலிருந்து கணவனின் குரல் கேட்டது. சாக்கை விரித்து, டார்ச்சும் கையுமாக அவன் மல்லாந்து கிடந்தான். வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள்தான். பழைய வண்டி வாங்கப் போகிறவன் முதலில் பானெட்டைத் தொட வேண்டுமாம். நாம் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், குளிரில் கிளம்ப மறுக்கிற எஞ்சின் என்று அர்த்தமாம். யாரோ சொல்லிக் கொடுத்ததை வழியெல்லாம் பாடம்போல ஒப்பித்துக்கொண்டே வந்திருந்தான்.

"இல்லைங்க. ஆறித்தான் இருக்கு."

"அப்ப யோக்கியமான ஆளுங்கதான்."

அவளுக்கு உறுத்தியதே அந்த ஆட்கள்தான்.

வண்டி ஒரு சர்வேயருடையது. மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி ஊரார் நிலத்தை அளந்து கொடுத்தவர், இப்போது வாசலில் நாற்காலி போட்டு, ஒரு காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். இவர்கள் கேட்டைத் திறந்து உள்ளே வந்தபோது அவர் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். "டிரைவரே, சாவி எங்க?" தலை நரைத்த அவர் மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். "ஓனர் சட்டைப் பையில இருக்கும், தடவிப் பாக்கச் சொல்லுங்க." அவர் தடவினார். இருந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இவ்வளவுதான் நடந்தது. இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வயிறு எரிய வண்டி வண்டியாக விறகு வேண்டியதில்லை, ஒரு குச்சி போதும்.

அவளும் அவனும் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார்கள். பழமரக் கன்று, பூச்செடி, நிழல்மரம் எல்லாம் உண்டு. பண்ணைக்கு ஏறுகிற பாதை மழை பெய்தால் களியாகிவிடும். அவர்களுடைய சின்ன வேன் அந்தச் சேற்றில் மாட்டாத மழைக்காலம் கிடையாது. மாட்டினால் நடப்பது எப்போதும் ஒன்றுதான். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே தலையை நீட்டி, "தள்ளு, இன்னும் கொஞ்சம் தள்ளு" என்பான். அவள் பின்னால் நின்று தோளைக் கொடுத்துத் தள்ளுவாள். சக்கரம் வாரி இறைக்கிற சேறு அவள் முகத்தில் அப்பும். கெட்டவன் இல்லை அவன். வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வைத்துக் கொடுப்பான். கல்யாணத்துக்கு முன்பே அண்ணனிடம் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தவள் அவள் என்பதுதான் அவனுக்கு மறந்து போயிற்று. முதலில் ஒன்றிரண்டு தடவை கேட்டாள். "உனக்கெதுக்கும்மா அந்தக் கஷ்டம்?" என்றான். இவ்வளவு அன்பாகச் சொல்கிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

அதனால்தான் அந்த வண்டியில் ஏதாவது ஒரு குறை அகப்படாதா என்று தேடினாள். மருமகள் பெருக்கிய வீட்டில் தூசி தேடுகிற மாமியாரும் அப்படித் தேடியிருக்க மாட்டாள். டயர் நான்கையும் சுற்றி வந்தாள். ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு ஆகாதாம். நான்கும் உடன்பிறப்புகள்போல ஒரே அளவில் இருந்தன. கணவன் அச்சுப் பெட்டியின் எண்ணெயை விரலில் தொட்டு நீட்டினான். தண்ணீர் புகுந்திருந்தால் பால் கலந்த காப்பிபோல வெளுத்திருக்குமாம். தேன்போல வழிந்தது. உள்ளே தரையில் விரித்திருந்த மிதியடியைத் தூக்கி மோந்தாள். ஈர வாடை இல்லை. பக்கத்து சீட்டுக்கு அடியில் ஆண்பிள்ளை அளவில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், காய்ந்த சேற்றோடு கிடந்தது. கியர்க் கம்பியின் குமிழ் வழவழவென்று தேய்ந்திருந்தது. எவள் கை தேய்த்தது என்று அவளுக்குத் தெரியும். சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. குனிந்து பார்த்தபோது வண்டியின் அடிச்சட்டத்தில் ஓரிடம் மட்டும் புதுக் கறுப்பாக மினுங்கியது.

"என்னங்க, அங்க டார்ச்சை அடிங்க. பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்காங்க." குரலில் துள்ளிய சந்தோஷம் அவளுக்கே கேட்டது.

"மறைக்கலைம்மா, அது வெல்டிங்" என்றாள் சர்வேயரம்மா. "ஆத்துல கல்லு மேல ஏத்திட்டேன். நான்தான்."

"கல்லைப் பாத்து இவ ஹாரன் அடிச்சா, தங்கச்சி" என்று நாற்காலியிலிருந்து சர்வேயர் சொன்னார். "வழி விடுன்னு."

"அடிச்சேன். அதுவும் உங்களை மாதிரியே, எதுக்கும் நகரலை."

மறுபடியும் சிரிப்பு. அவர்கள் வீட்டு விரிசலில்கூடப் பூ முளைக்கிறது என்று நினைத்தாள். கண் கரித்தது.

ஓட்டிப் பார்க்க வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரமாக ஒரு மண்பாதை இருந்தது. தார் ரோட்டில் நாலு சக்கரத்தையும் பூட்டி ஓட்டினால் பல்சக்கரம் கெடும், சேற்றில்தான் பார்க்கணும் என்று சர்வேயரம்மாவே அங்கே கூட்டிப் போனாள். கணவன் ஓட்டினான். சர்வேயரம்மா அவன் பக்கத்தில். இவள் பின் சீட்டில்.

"சீட்டு பின்னால போக மாட்டேங்குதே" என்றான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

"என் காலுக்கு வச்சது தம்பி. துரு ஏறி அப்படியே உக்காந்துடுச்சு."

"இது ஒரு குறைதான்" என்று பின்னால் திரும்பி மனைவியிடம் கண்ணைச் சிமிட்டினான். பேரம் பேச ஒன்று சிக்கிவிட்ட சந்தோஷம் அவனுக்கு.

பாதை தாழ்கிற இடத்தில் சேறு கலங்கிக் கிடந்தது. இறங்கிய வண்டி நின்றுவிட்டது. நாலு சக்கரத்தையும் பூட்டுகிற சின்னக் கம்பியை இழுத்துப் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தான். பின் சக்கரம் இரண்டும் சுழன்று சேற்றை வாரியடித்தன. முன் சக்கரம் அசையவே இல்லை.

"அக்கா, இதுல ஃபோர் வீல் வேலை செய்யலை. ரெண்டு சக்கரம்தான் இழுக்குது." அவன் குரலில் வருத்தமும் இருந்தது, லாபமும் இருந்தது. பிறகு, பழக்கம் பாருங்கள், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான். "இறங்கும்மா. கொஞ்சம் தள்ளு."

அவள் கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது. அதற்கும் பழக்கம்தான்.

"யாரும் தள்ள வேணாம்" என்றாள் சர்வேயரம்மா. "முன் சக்கரம் ரெண்டுலயும் நடுவுல ஒரு பூட்டு இருக்கு தம்பி. யாராவது இறங்கி அதைத் திருப்பினாத்தான் அந்தச் சக்கரமும் சேந்து இழுக்கும். எங்க வீட்டுல எப்பவும் அவர்தான் இறங்குவாரு. நான் ஸ்டியரிங்ல இருப்பேன். இப்ப அவருக்கு முட்டி மடங்க மாட்டேங்குது. சேத்துல இறங்க முடியாத ஆளுக்கு இந்த வண்டி எதுக்குன்னு அவரே விக்கச் சொல்லிட்டாரு."

 எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. அவன் ஜன்னல் வழியே சேற்றைப் பார்த்தான், பிறகு தன் வெள்ளைச் செருப்பைப் பார்த்தான், பிறகு கண்ணாடியில் மனைவியைப் பார்த்தான்.

கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க இறங்குங்க" என்றாள்.

"நானா? அப்ப யாரு ஓட்டுறது?"

அவள் கண்ணாடியில் அவனையே பார்த்தாள். இத்தனை வருஷம் சேற்றில் வாங்கிய மூச்சையெல்லாம் சேர்த்துப் பிடித்தவள்போல உட்கார்ந்திருந்தாள். அவன் வாயைத் திறந்தான். "உனக்கெதுக்கும்மா" என்பது உதடுவரை வந்தது தெரிந்தது. சர்வேயரம்மா பக்கத்தில் இருந்ததாலோ, அவள் கண்ணில் எதைப் பார்த்தானோ, வெளியே வரவில்லை.

சர்வேயரம்மா குனிந்து சீட்டுக்கு அடியிலிருந்த பூட்ஸை எடுத்தாள். உடனே கொடுக்கவில்லை. மடியில் வைத்து, காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டினாள். உதிரவில்லை. "இதைப் போட்டுக்குங்க தம்பி" என்று நீட்டினாள்.

அவன் இறங்கினான். கணுக்கால் மூழ்கியது. இவள் முன்னால் தாவி ஸ்டியரிங் முன் உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் பெடலில் போய்ப் படிந்தன, அளவெடுத்துத் தைத்தது மாதிரி. அந்தக் குமிழை இந்த முறை விடாமல் பிடித்தாள். அதன் தேய்மானம் உள்ளங்கைக்குள் அடங்கியது. யாருடையதோ என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. இருந்தாலும் கை அதை விடவில்லை.

கண்ணாடிக்கு அப்பால், பானெட்டுக்கு மேலே அவன் தலை மட்டும் தெரிந்தது. ஒரு சக்கரத்தில் குனிந்தான், எழுந்தான், தள்ளாடி அடுத்த சக்கரத்துக்குப் போனான். நெற்றியில் சேறு.

"எந்தப் பக்கம் திருப்பணும்?" என்று கத்தினான்.

சொல்ல வேண்டிய சர்வேயரம்மா சொல்லவில்லை. அவன் குனிந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் கொட்டாமல். முகம் இறுகிப்போயிருந்தது. அந்த முகத்தை நாற்றுக்காரிக்கு அடையாளம் தெரிந்தது. காலையிலிருந்து அதைத்தான் தன் முகத்தில் மறைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள் மெதுவாக. "எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்" என்றாள் சர்வேயரம்மா. "டக்குனு சத்தம் வரும்."

டக்கென்று சத்தம் வந்தது. அவன் ஒதுங்கி நின்று, சேறு சொட்டுகிற கையைத் தூக்கி, போ என்று ஆட்டினான். அவள் கிளட்சை அழுத்தினாள். பக்கத்தில், பெடலே இல்லாத மிதியடியின்மேல், சர்வேயரம்மாவின் இடது காலும் அழுந்தியது.