மாட்டுவண்டி கேசட்டுக்கு ஒரு பொட்டு

என் வீட்டுக்காரர் பேச்சிராஜாவுக்கு ஆயுத பூஜை வந்தால் தலைகால் புரியாது. கரிவலம்வந்தநல்லூர் பக்கம் வாடகைக்கு உழுகிற டிராக்டர் ஒன்று வைத்திருக்கிறார். அன்றைக்கு அதைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, மாப்பிள்ளை மாதிரி வாசலில் நிறுத்திவிடுவார். அதோடு விட்டால் பரவாயில்லை. ஸ்பானர், ஜாக்கி, மண்வெட்டி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சோப்புத் தண்ணி வாளியில் ஊறப்போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் அடுக்குவார். அடுக்கட்டும், எனக்கென்ன வந்தது என்றுதான் இத்தனை வருசமும் இருந்தேன்.

இந்த வருசம் அந்த வரிசையில் என் கேசட் நின்றது.

கேசட் என்றால் பாட்டு கேசட் இல்லை, வீடியோ கேம் கேசட். டிவியில் மாட்டுகிற பழைய பெட்டியின் வாயில் செருகுவது, உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மில் ஆபீசில் நாள் முழுக்க கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்து இவள் மறுபடியும் திரையைப் பார்க்கிறாளே என்று தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். சிலருக்குச் சீரியல், சிலருக்கு ஊர்வம்பு, எனக்கு இது. எல்இடி டிவி வந்தபோதுகூட அந்தக் குண்டு டிவியை நான் வெளியே போக விடவில்லை. புது டிவியில் பட்டனை அமுக்கினால் ஆள் யோசித்து யோசித்துத்தான் நகருவான். அந்த எரிச்சல் எனக்கு ஆகாது.

அந்தக் கேசட் என்னுடையது இல்லை என்பதுதான் பெரிய வம்பு. அது புளியங்குடி ஷாஹின் பானுவுடையது. பழைய கேம் ஆடுகிறவர்களின் டெலிகிராம் குழு ஒன்றில் அவள்தான் அதைப் படம் எடுத்துப் போட்டாள். 'வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்தது, முழுக்க ஜப்பான் எழுத்து, போட்டுப் பார்க்கப் பெட்டி இல்லை' என்று எழுதியிருந்தாள். என்னிடம் பெட்டி இருக்கிறது, எந்த ஊர் என்று கேட்டேன். புளியங்குடி என்று பதில் வந்ததும் கையில் இருந்த காபியைக் கொட்டிவிட்டேன். இந்தப் பைத்தியம் பிடித்த இன்னொருத்தி மெட்ராஸில் இருப்பாள், பெங்களூரில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில் ஒருத்தியைக் கடவுள் வைத்திருந்தான்.

கேசட்டை என் வீட்டிலேயே விட்டுவைத்து, நாலு வருசமாக லீவு நாளில் அவள் வருவாள். அந்த ஆட்டத்தின் பெயர்கூட எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. மாட்டுவண்டி கேம் என்போம். ஒருத்தன் வண்டியில் உப்பு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக விற்றுக்கொண்டே மலை தாண்டிப் போக வேண்டும். எந்த எழுத்தை அமுக்கினால் வாங்குவது, எது விற்பது என்று தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்தோம். ஒரு தடவை விற்பதாக நினைத்து மாட்டையே தானம் கொடுத்துவிட்டோம். விட்ட இடத்தை நினைவு வைத்துக்கொள்ளக் கேசட்டுக்குள் பட்டன் மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது. அதன் புண்ணியத்தில் கடைசி ஆற்றங்கரை வரைக்கும் வந்திருந்தோம். ஆற்றைத் தாண்டினால் ஆட்டம் முடிந்தது.

சவூதியில் வேலை பார்க்கிற ஷாஹினின் வீட்டுக்காரருக்குத் தம்மாமில் குடும்பத்தோடு தங்க வீடு கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் விமானம். "போறதுக்கு முன்னால ஆத்தத் தாண்டிரணும்ட்டி" என்று சொல்லியிருந்தாள். விஜயதசமி அன்று காலையில் வருவதாகப் பேச்சு.

ஆயுத பூஜை அன்று மில்லில் பூஜை முடித்து, பொரியும் சுண்டலுமாக நான் வீட்டுக்குள் நுழைகிறேன், இவர் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருக்கிறார். ஸ்பானருக்கும் ஜாக்கிக்கும் நடுவில் கேசட் தலைகீழாக நிற்கிறது. பெட்டிக்குள் போய்ப் பொருந்துகிற அதன் செம்புப் பற்கள் மேல் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருக்கிறார்.

"அய்யய்யோ! இத எதுக்கு எடுத்தீய?"

"சும்மா எடுக்கல, கழுவித்தான் வச்சிருக்கேன். பளிச்சுன்னு இருக்குல்லா?"

"கழுவுனீயளா? தண்ணியிலயா?"

"பின்ன, பாலுலயா கழுவுவாவ? ஸ்பானரோட சேத்து ஊறப் போட்டேன். ஏட்டி, கை வைக்காத. காலைல மறுபூசை போட்டுத்தான் எடுக்கணும்."

நான் கை வைக்கவில்லை. எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும், சாமி முன்னால் வைத்ததைப் பாதியில் எடுக்க எனக்கும் மனசு வராது. கோமதியம்மா, அந்தப் பேட்டரியை மட்டும் காப்பாற்றிக் கொடு தாயே என்று கும்பிட்டேன். அன்று ராத்திரி தோசையை அவர் தட்டில் எறியாத குறையாகப் போட்டேன்.

காலையில் கற்பூரம் அணைந்ததும் கேசட்டை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன்.

"மூளை இருக்கா உங்களுக்கு? இது என்ன கலப்பையா? நாலு வருசப் பாடு இதுக்குள்ள கெடக்கு. இன்னும் செத்த நேரத்துல அவ வந்துருவா. அவ மூஞ்சியில நான் எப்படி முழிக்க?"

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"வருசா வருசம் என் சாமானாத்தான் அடுக்குதேன். உன் சாமான்னு ஒண்ணுகூட வச்சதில்லையேன்னு இருந்துச்சு. அருவாமணைய வைக்கலாம்னு எடுத்தேன். அது எல்லாருக்கும் சோறாக்குத சாமான்லா, உனக்குன்னு உள்ளதா? ஆபீஸ்லருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வருதே, இதத் தொட்டாத்தான் சிரிக்கே. அதான் இத வச்சேன்."

இந்த மனுசன் வாயிலிருந்து இதுவரை 'பொட்டி விளையாட்டு' என்பதைத் தவிர வேறு பெயர் வந்ததில்லை. ஆனால் நான் எப்போது சிரிக்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். கோபமும் இருந்தது, அழுகையும் வந்தது. "போய்க் காபியக் குடிங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஷாஹின் ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் அவரே முன்னால் போய் நின்றுவிட்டார்.

"தங்கச்சி, தப்பு எம்மேலதான். உன் கேசட்டத் தண்ணியில முக்கிட்டேன். பொட்டு வேற வச்சிட்டேன். மனசுல ஒண்ணும் வச்சிக்கிராத."

அவள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "சந்தனமா? எங்க தர்காவுலயும்தான் சந்தனம் பூசுதாவ. அது கெடக்கட்டும்ணே. உள்ள தண்ணி போயிட்டா?"

போயிருந்தது. கேசட்டின் ஸ்குரூவுக்குப் பொருந்துகிற ஸ்குரூ டிரைவர் ஊரில் எந்தக் கடையிலும் கிடையாது. பிளாஸ்டிக் பேனாவின் அடியைத் தீயில் உருக்கி, சூட்டோடு ஸ்குரூ தலையில் அமுக்கி, இறுகியதும் திருப்பினோம். உள்ளே இருந்த தண்ணீரைப் பஞ்சால் ஒற்றினோம். சந்தனம் ஒட்டிய பற்களை ரப்பரால் அழித்து ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம். மொட்டைமாடி வெயிலில் காய வைத்தபோது, காக்கா தூக்கிவிடுமோ என்று இவர் குச்சியோடு காவல் நின்றார்.

செருகி, சுவிட்சைப் போட்டேன். பாட்டு வந்தது. மாட்டு மணிச் சத்தமும் வந்தது. ஷாஹின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விட்ட இடத்தைக் காட்டுகிற திரை வந்தது. அதில் எங்கள் வண்டி இல்லை. மூன்று கட்டமும் வெறுமையாக இருந்தது.

ஷாஹின் அழுதுவிட்டாள். நானும் அழுதேன். இவர் சத்தமில்லாமல் எழுந்து டிராக்டர் பக்கம் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள். "முதல்லருந்து ஆரம்பிட்டி."

"மூணு மணிக்கு நீ போகணும். ஆத்தங்கரை எங்க, நாம எங்க?"

"அது எனக்குத் தெரியாதா? ஆரம்பின்னா ஆரம்பி."

ஆரம்பித்தேன். முதல் ஊரில் உப்பு வாங்க அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு மாசம் பிடித்தது. இப்போது யோசிப்பதற்குள் விரல் போய் அமுக்கிவிட்டது. "ரெண்டு மூட்டை போதும், மழை வரும்" என்றாள் ஷாஹின். மழை வந்தது. "இந்தக் கிழவன்கிட்ட விக்காத, ஏமாத்துவான்" என்றேன் நான். எந்த மரத்தடியில் கள்ளன் நிற்பான், எந்த ஊர்க்காரி புல்லுக்கட்டு சும்மா கொடுப்பாள் என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டே போனோம். ஒரு மழைக்காலம் முழுக்க எங்களை வதைத்த மலைப்பாதையைச் சாப்பாட்டு நேரத்துக்குள் ஏறி இறங்கிவிட்டோம். இரண்டு பேரும் கத்திய கத்தில் இவர் ஓடி வந்தார்.

"என்ன, பழசு கெடைச்சிட்டா?"

"கெடைக்கலண்ணே. திரும்பவும் மலையத் தாண்டிட்டோம்" என்றாள் ஷாஹின்.

அவரும் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் முதல் தடவையாக அந்தக் குண்டு டிவி முன்னால் உட்கார்ந்து, "ஏட்டி, பாரத்தக் கொறைங்க, மாடு தெணறுது" என்று எங்களை ஏசிக்கொண்டே இருந்தார். சோற்றைத் தட்டில் போட்டுக் கையிலேயே கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான்.

மூன்று மணி ஆனபோது பாதி வழி இருந்தது. விட்ட இடத்தைப் பதிந்துவிட்டு, அணைத்துப் போட்டுப் பார்த்தேன். வண்டி அங்கேயே நின்றது. பேட்டரி சாகவில்லை, தண்ணீர் பழைய பதிவை மட்டும்தான் அழித்திருந்தது. ஆனால் ஆற்றுக்கு இன்னும் அஞ்சாறு ஊர் இருந்தது. ஷாஹினை வழியனுப்ப அவள் வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து காத்திருந்தார்கள்.

"ஆத்தத் தாண்ட முடியலையே பானு" என்றேன்.

"நல்லதாப் போச்சு போ. நேத்து இருந்த எடத்துலருந்துன்னா அரை மணி நேரத்துல முடிச்சிட்டு, அழுதுக்கிட்டே பஸ் ஏறிருப்பேன். இன்னிக்கு முழு நாளும் ஆடியிருக்கோம்."

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "நீ மட்டும் இல்லாட்டி நான் இந்த வீட்டுல தனியாத்தான் ஆடிக்கிட்டு இருந்திருப்பேன். உனக்கு நான் என்னத்தச் செய்யப் போறேன்?"

"நான் வாரது வரைக்கும் தாண்டாம இரு, அது போதும்."

பெட்டியிலிருந்து கேசட்டை உருவினேன். வாப்பா கொடுத்ததாயிற்றே, தம்மாமுக்குக் கொண்டு போ என்று அவள் தோள்பைக்குள் வைக்கப் போனேன். அவள் அதைப் பிடுங்கி, அவளைப் பஸ் ஸ்டாண்டில் விட வாசலில் பைக்கோடு நின்ற இவர் முன்னால் நீட்டினாள்.

"அண்ணே, அடுத்த ஆயுத பூஜைக்கும் இத வச்சுக் கும்பிடுங்க. பொட்டும் வைங்க. தண்ணி மட்டும் ஊத்திராதீங்க."

இவர் பைக்கை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.